பருவை விரட்டும் முன் தோலை ஆறவிடுங்கள்

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். குளியலறை, அலமாரி, கைப்பை என்று எங்கெல்லாம் உங்கள் முகத்துக்கான பொருள்கள் இருக்கின்றனவோ, அத்தனையையும் எடுத்து மேசைமேல் பரப்புங்கள். வேப்பிலை ஃபேஸ்வாஷ், கரி கலந்த இன்னொன்று, துகள் போட்ட ஸ்க்ரப், முல்தானி மட்டி, கஸ்தூரி மஞ்சள், யாரோ யூடியூபில் சொன்ன சீரம், மருந்துக்கடையில் வாங்கி வாய் நசுங்கிப்போன ஒரு டியூப். வருஷக்கணக்காகப் பருவால் விடாமல் அவதிப்படுகிறவர்கள் வீட்டில் இவற்றில் பாதியாவது இருக்கும். எல்லாமே நம்பி வாங்கியவை. பத்துப் பதினைந்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு, பலன் தெரியவில்லையே என்று அடுத்ததுக்குத் தாவியிருப்பீர்கள்.

இப்படி அல்லாடும் பலருக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. ஒன்று, பரு. மற்றது, பருவுக்காகப் போட்டவற்றால் புண்பட்டுப்போன தோல். முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கிறதா? வியர்வை பட்டால் சுரீர் என்கிறதா? எண்ணெய் வழியும் அதே கன்னத்தில் செதிலும் உரிகிறதா? அப்படியானால் இரண்டாவது பிரச்சினையும் உங்களுக்கு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் முதலாவதுக்கு மருந்து போட்டால் எரியும். எரிந்தால் நிறுத்திவிடுவீர்கள். நிறுத்தினால் பரு திரும்பவும் தலைதூக்கும். அதனால்தான் இந்த அத்தியாயம் மருந்தில் தொடங்கவில்லை.

துளைக்குள் நடப்பது

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது இந்தச் சுரப்பி பெருத்து எண்ணெயை அதிகம் சுரக்கிறது. அதே நேரத்தில், துளையின் உட்சுவரில் இறந்த செல்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. அடைப்புக்குப் பின்னால் எண்ணெய் தேங்குகிறது. நம் எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியாவுக்கு அந்த இடம் தோதாகிவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே திரள, சிவந்து வீங்கிச் சீழ் கோக்கிறது.

இதில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இதற்கும் அழுக்குக்கும் தொடர்பில்லை. கரும்புள்ளியின் கறுப்பு நிறம்கூட அழுக்கு அல்ல. துளையில் அடைத்திருக்கும் பொருளும் அதிலுள்ள மெலனினும் காற்றுப் பட்டுக் கறுத்த நிறம். "முகத்தை நல்லாக் கழுவு, எல்லாம் சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு மனம் நொந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கழுவாததால் பரு வரவில்லை. இரண்டாவது, இன்று கண்ணாடியில் தெரியும் பரு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடைப்பாகப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது. ஆகவே எந்தச் சிகிச்சையையும் 8 முதல் 12 வாரம் பார்த்த பிறகே எடைபோட வேண்டும். பத்து நாளில் தீர்ப்பு எழுதினால் நல்ல மருந்தையும் தூக்கி எறிந்துவிடுவோம்.

முதலில் ஓய்வு

மேசையில் இருப்பதில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மென்மையான ஒரு க்ளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். மற்றவை எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். டியூப்பில் இருப்பது ஸ்டீராய்டாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், கீழே அதைப்பற்றி எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். இந்த மூன்றோடு இரண்டு முதல் நான்கு வாரம் ஓட்டுங்கள். எரிச்சலும் இழுப்பும் அடங்கிவிட்டால் தோல் ஆறியிருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டிக்குள் போக வேண்டியவற்றில் சிலதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருகும் ஆபத்தும் உண்டு. சமையல் சோடா அதற்கு நேரெதிர், காரம். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 பி.எச். அளவில், இலேசான அமிலத்தன்மையோடு இருக்கிறது. அந்த நிலையில்தான் அதன் பாதுகாப்பு அடுக்கு சரியாக வேலைசெய்யும். பருமேல் டூத்பேஸ்ட் வைப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். புதினா எண்ணெயும் நுரைக்கும் ரசாயனமும் பருவைக் காயவைப்பதுபோலத் தோன்றினாலும், சுற்றியுள்ள தோலைப் புண்ணாக்கிக் கருந்தழும்பை விட்டுப்போகும்.

நலங்கு மாவையும் பயத்தமாவையும் நான் குறைசொல்ல மாட்டேன். குழந்தைப் பருவத்திலிருந்து பழகிய வாசனை அது. ஆனால் சீழ்ப் பரு இருக்கும் முகத்தில் நறநறவென்ற மாவைத் தேய்ப்பது அழற்சியைக் கிளறிவிடும். பரு அடங்கும்வரை அதைக் கைகால்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் கழுவுவது

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. விளையாடிவிட்டோ ஜிம்மிலிருந்தோ வியர்த்து வந்தால் இன்னொருமுறை. அதற்குமேல் வேண்டாம். நடுவில் முகம் பிசுபிசுத்தால் வெறும் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம், அல்லது மெல்லிய துணியால் ஒற்றிக்கொள்ளலாம்.

கையை முதலில் கழுவுங்கள். முகத்தைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, க்ளென்சரை உள்ளங்கையில் குழைத்து, விரல் நுனிகளால் நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் போதும். காதோரம், தாடையின் கீழ்விளிம்பு, முடி தொடங்கும் இடம் ஆகிய மூன்றும் கழுவும்போது விட்டுப்போகிற இடங்கள். சன்ஸ்கிரீனும் க்ளென்சரும் அங்கேதான் தங்கும். பிறகு மெல்லிய துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கழுவி முடித்த முகம் கிறீச்சென்று இருந்தால் 'சுத்தமாகிவிட்டது' என்று மகிழ்கிறோம். அது தோலிலிருந்து தேவையான எண்ணெயும் போய்விட்டதற்கான அறிகுறி.

சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 பி.எச். கொண்டது. புறநகர்களில் போர் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, வாளியின் ஓரத்தில் படியும் அதே வெள்ளைப் பிசுக்காகத் தோலிலும் படிகிறது. சோப்பு வகையில் சேராத, வாசனை சேர்க்காத க்ளென்சருக்கு இந்தத் தொல்லை இல்லை. கடைசியாக முகம் அலசுவதற்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசரா?

ஆமாம். இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலரும் தயங்குகிறார்கள். எண்ணெய்ப் பசை வேறு, ஈரப்பதம் வேறு. பரு மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே தோலை வறளவைக்கும். மாய்ஸ்சரைசர் இல்லாமல் அவற்றைத் தாங்குவது கடினம். ஜெல் அல்லது லோஷன் வடிவில், வாசனை இல்லாமல், 'நான்-காமெடோஜெனிக்' என்று அட்டையில் எழுதியதாகப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டம் வகுத்த சோதனை எதுவும் கிடையாது. ஆனாலும் தேடலை எங்காவது தொடங்க வேண்டுமே. கிளிசரின், செராமைடு, நியாசினமைடு ஆகிய பெயர்கள் உட்பொருள் பட்டியலில் இருந்தால் நல்லது. தேங்காய் எண்ணெயை முகத்துக்கு மாய்ஸ்சரைசராகப் போட வேண்டாம். பரு வரும் தோலில் துளைகளை அடைக்கக்கூடியது அது.

எண்ணெயைப் பற்றிச் சொல்லும்போது தலைமுடியையும் சொல்லிவிட வேண்டும். நெற்றியிலும் கன்னப்பொறியிலும் மட்டும் சின்னச் சின்னதாகப் பொரிப்பொரியாக இருந்தால், காரணம் தலைக்கு வைக்கும் எண்ணெயாக இருக்கலாம். தலையில் தடவும் எண்ணெய்ப் பூச்சுகளால் நெற்றியில் வரும் இந்த வகைப் பருவை அமெரிக்க மருத்துவர்கள் 1970-லேயே தனியாக வகைப்படுத்திவிட்டார்கள். எண்ணெயை அடியோடு விட வேண்டியதில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள்; இரவு முழுக்க ஊறவிட்டுத் தூங்க வேண்டாம். தலையணை உறையை வாரம் இரண்டு முறையாவது மாற்றுங்கள். பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டின் உள்பஞ்சையும் தாடைப் பட்டையையும் அவ்வப்போது துவைத்துக் காயவைக்க வேண்டும். வியர்வையும் உராய்வும் சேர்ந்து அந்தக் கோட்டிலேயே பரு கிளப்பும்.

சன்ஸ்கிரீனைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் உள்ள தோலில் பரு ஆறிய இடம் கருமையாக நிற்கும். வெயில் அதை இன்னும் ஆழமாக்கும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்குமேல், ஜெல் வடிவில், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெயிலில் அலைகிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வெள்ளைப் பூச்சாகத் தெரிவது பிடிக்காதவர்கள் தோல்நிறம் கலந்ததை வாங்கலாம். அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு, கருமை கூடுவதையும் நன்றாகத் தடுக்கிறது.

இனி மருந்து, ஒரே ஒன்று

தோல் ஆறியாயிற்று. இப்போது ஒரு மருந்தை மட்டும் சேர்க்கிறோம். இரண்டை ஒரே வாரத்தில் தொடங்கினால், எது எரித்தது, எது உதவியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சிவந்த, சீழ் வைத்த பருக்கள் அதிகம் என்றால் பென்சாயில் பெராக்ஸைடு. 2.5 சதவீதமே போதும். 5, 10 சதவீத ஜெல்கள் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்து எரிச்சலை மட்டும் கூட்டுகின்றன. முதல் வாரம் பத்து நிமிஷம் வைத்துக் கழுவிவிடுங்கள். தோல் ஏற்றுக்கொண்டால் நேரத்தைக் கூட்டலாம். இது துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதால் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புள்ளிகளும் தோலுக்கடியில் முட்டிநிற்கும் மூடிய அடைப்புகளும் அதிகம் என்றால் அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இந்தியாவில் இதை மருத்துவர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். என் பார்வையில், விடாத பருவுக்கு முதலில் யோசிக்க வேண்டிய மருந்து இதுவே. புதிய அடைப்பு உருவாவதையே இது தடுக்கிறது. போடும் விதத்தில்தான் இதன் வெற்றி இருக்கிறது. இரவு முகம் கழுவி, நன்றாக உலர இருபது நிமிஷம் விடுங்கள். ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரலில் எடுத்து, நெற்றி, இரு கன்னம், தாடை என நான்கு புள்ளி வைத்து, முகம் முழுக்க மெல்லிசாகப் பரப்புங்கள். மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் வேண்டாம். பருமேல் மட்டும் வைப்பது பயனில்லை. பரு வராத இடத்தையும் சேர்த்துக் காக்கத்தான் இது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல் என்று மாற்றிப் பாருங்கள். முதல் சில வாரங்களில் தோல் உரியும். பரு கொஞ்சம் கூடினாற்போலவும் தெரியலாம். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அடாபலீன் போடுகிறவர்கள் பார்லரில் வாக்ஸிங் செய்துகொண்டால் தோலின் மேலடுக்கு பிய்ந்துவரும். பல நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், அல்லது வாக்ஸிங்கைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுகிறவர்களும் இந்த ஜெல்லைத் தொடக்கூடாது. அவர்களுக்கு அசிலாயிக் அமிலம் இருக்கிறது. பருவோடு கருமையையும் குறைப்பதால் நம் தோல்நிறத்துக்கு மற்றவர்களுக்கும் நல்ல தேர்வு. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசாதீர்கள். பாக்டீரியா அதை எதிர்க்கப் பழகிவிடும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்துத்தான் அது வர வேண்டும்.

அந்த நசுங்கிய டியூப்

"அண்ணா, முகத்துல பருவா இருக்கு, ஏதாவது கிரீம் குடுங்க." "இதைப் போடும்மா, ஒரே வாரத்துல பளிச்னு ஆயிடும்." இந்த உரையாடல் நடக்காத மருந்துக்கடை தமிழ்நாட்டில் அபூர்வம். கடைக்காரர் சொன்னதுபோலவே ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கும், நிறமும் கூடும். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே வாங்குவார்.

மேசையிலிருக்கும் அந்த டியூப்பை எடுத்து, பொடி எழுத்தில் அச்சிட்ட உட்பொருள்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பல டியூப்களில் பூஞ்சை மருந்தோடும், நிறம் வெளுக்கும் ஹைட்ரோகுவினோனோடும் கலந்து வரும். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்குவதால் முதலில் அற்புதம்போலத் தெரிகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரியும். பெண்களின் கன்னத்தில் முடி முளைக்கும். ஸ்டீராய்டே ஒருவகைப் பருவைக் கிளப்பும். நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கும் என்பதால் திரும்பவும் அதையே தேடிப் போவார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் இவை கேட்டதும் கிடைக்கின்றன என்பது என்னைக் கோபப்படுத்துகிற விஷயம்.

மாதக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் பயத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு வீட்டில் தவிக்க வேண்டாம். டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க அவர்களுக்கு வழி தெரியும்.

சாப்பாடு

எண்ணெய்ப் பலகாரத்தால்தான் பரு என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் அத்தகைய உணவைக் குறைத்துச் சாப்பிட்ட இளைஞர்களுக்குப் பரு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. ஜிம்மில் வே புரோட்டீன் குடிக்கத் தொடங்கிய பிறகு முதுகிலும் முகத்திலும் பரு வெடித்திருந்தால், அதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகளின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மருத்துவரிடம் எப்போது

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால். வலியோடு ஆழமான கட்டிகள் வந்தால். ஆறிய இடத்தில் குழி விழுந்தால் அன்றைக்கே. கருமை மாதங்களில் மங்கும், குழி தானாக நிரம்பாது. பெண்களுக்குத் தாடையோரப் பருவோடு மாதவிடாயும் தள்ளித்தள்ளி வந்தால், முகத்தில் கடினமான முடி வளர்ந்தால், பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெற்றி, மார்பு, முதுகில் எல்லாமே ஒரே அளவாக, அரிப்போடு இருந்தால் அது பருவாகவே இல்லாமல், மயிர்க்காலில் வந்த பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். புழுக்கமான ஊர்களில் இது சகஜம். ஆன்டிபயாடிக் மாத்திரை இதை மோசமாக்கும்.

தனியார் மருத்துவமனைக்கு வசதியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை போட்டவற்றின் டியூப்களையும் அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். ஞாபகத்திலிருந்து பெயர் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதினால், பெண்கள் கர்ப்பம் பற்றி வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். மாத்திரை எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதம்வரையும் கரு தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான ஊனம் ஏற்படக்கூடும். இந்த மாத்திரையை வேறு யாருக்கும் பகிர்ந்து கொடுக்காதீர்கள்.

கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் நான்கு மாதம் முன்பே இந்த முறையைத் தொடங்குங்கள். கடைசி வாரத்து ஃபேஷியலும் ப்ளீச்சும், ஆறிக்கொண்டிருக்கும் தோலுக்கு வேண்டவே வேண்டாம். பார்லரில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முகம் தெளிந்த பிறகும் அடாபலீனை அடியோடு நிறுத்த வேண்டாம். அடைப்புகள் உள்ளே உருவாகிக்கொண்டுதான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று இரவாகக் குறைத்து எத்தனை மாதம் தொடர்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.